ஒருமுறை மட்டும் வரும் நன்றி
(அசிசி நகர் பிரான்சிசின் ‘படைப்புகளின் பாடல்’ பற்றிய ஒரு திறனாய்வு)

திருக்குறளின் பதினோராம் அதிகாரத்திற்குச் ‘செய்ந்நன்றி அறிதல்’ என்று பெயர். இத்தொடரில் ‘நன்றி’ என்னும் சொல் இன்று நாம் வழங்கும் பொருளில் வரவில்லை. ஒருவர் நமக்குச் செய்த நன்மையே அங்கு நன்றி எனப்படுகிறது. அந்நன்மையை உணர்ந்து, உள்ளத்தில் நிறுத்தி, மறவாது வாழ்வதே ‘அறிதல்’. காலப்போக்கில் ‘அறிதல்’ உதிர்ந்துவிட்டது. கொடுத்தவரின் செயலைக் குறித்த சொல், பெற்றவரின் வாயிலிருந்து வரும் மறுமொழிக்குப் பெயராயிற்று. சொல்லில் நேர்ந்த இத்தேய்வு வாழ்விலும் நேர்ந்துவிட்டதோ என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நல்லது.

நம் திருத்தலங்களில் நன்றிக்குக் குறைவில்லை. நேர்த்திக்கடன் செலுத்துகிறோம், நன்றித் திருப்பலிக்குக் காணிக்கை கொடுக்கிறோம், கேட்ட வரம் கிடைத்தது என்று புனிதர்களின் பெயரால் இதழ்களில் அறிவிப்பு வெளியிடுகிறோம். இவற்றைப் பழிப்பது நம் நோக்கமன்று. நலம்பெற்ற தொழுநோயாளர் பதின்மரில் திரும்பி வந்து காலில் விழுந்தவர் ஒருவரே என்பதைக் கண்டு, மற்ற ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவரே கேட்டதாக லூக்கா நற்செய்தியின் பதினேழாம் அதிகாரம் கூறுகிறது. வாய்திறந்து நன்றி சொல்வதை இயேசு எதிர்பார்த்தார் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. மகனின் நோய் நீங்கியதென்று ஒரு தாய் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கும்போது, அதே நோயில் மகனை இழந்த மற்றொரு தாய் அடுத்த வரிசையில் முழந்தாளிட்டிருக்கிறாள். அவளும் நவநாள் செய்தவள்; அவளும் மெழுகுதிரி ஏற்றியவள். பெற்ற நன்மைகளை எண்ணிக் கணக்கிடுவதே நன்றி என்றால், அவள் எதை எண்ணுவாள்? அவளுக்கு இத்திருச்சபையின் நன்றி வழிபாட்டில் இடமுண்டா, இல்லையா? இவ்வினாவுக்கு அறிவுரையால் விடை கூறுவது எளிது. ஆனால் அவ்விடை நில்லாது. கேட்டது கிடைக்காத ஒருவரே பாடிய பாடலொன்றை இவ்வினாவின் முன் வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாடல் பிறந்த சூழல்

அசிசி நகர் பிரான்சிஸ் 1225-ஆம் ஆண்டு இயற்றியது ‘படைப்புகளின் பாடல்’. ‘கதிரவன் பாடல்’ என்றும் இதனை வழங்குவர். இலத்தீன் மொழியே வழிபாட்டுக்கும் புலமைக்கும் உரியதாயிருந்த காலத்தில், அம்பிரியப் பகுதியின் பேச்சுமொழியில் இது எழுந்தது. இத்தாலிய இலக்கியத்தின் தொடக்க நூல்களுள் ஒன்றாக இன்று இதனைப் போற்றுகின்றனர். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட, படைப்பைப் பேணுதல் பற்றிய சுற்றுமடலின் தலைப்பும் இப்பாடலிலிருந்து பெறப்பட்டதே.

பாடலைச் சுவைப்போர் பலர் அதன் பிறப்பிடத்தை மறந்துவிடுகின்றனர். பறவைகள் சூழ, மலர்கள் நடுவே, கைவிரித்து நிற்கும் பிரான்சிசின் சுருபத்தைக் கண்டு பழகிய நமக்கு, வசந்தகாலக் காலைப் பொழுதொன்றில் மலைச்சாரலில் நின்று அவர் இதனைப் பாடியிருப்பார் என்று தோன்றும். உண்மை வேறு. அவருடன் வாழ்ந்த சகோதரர்களின் நினைவுகளைத் திரட்டிய பழைய தொகுப்பு அச்சூழலை விரிவாகக் கூறுகிறது. கீழைநாட்டுப் பயணத்தின்போது பற்றிய கண்நோய் முற்றியிருந்தது. 1224 செப்டம்பரில் லா வெர்னா மலையில் பெற்ற ஐந்து காயங்களின் வேதனையும் உடன் இருந்தது. கிளாராவும் அவருடைய சகோதரியரும் வாழ்ந்த சான் தமியானோவில் ஒரு சிறு குடிலில் அவர் கிடந்தார். ஐம்பது நாள்களுக்கும் மேலாகப் பகலில் வெயிலின் ஒளியும் இரவில் நெருப்பின் ஒளியும் அவர் கண்களுக்குப் பொறுக்கவில்லை. எலிகள் அவர்மீது ஓடித் திரிந்தன. உறங்கவும் விடவில்லை, செபிக்கவும் விடவில்லை. ஓர் இரவு தம் நிலைகண்டு தாமே இரங்கி, பொறுமை வேண்டி இறைவனை மன்றாடினார். விண்ணரசு அவருக்கு உறுதி என்னும் ஆறுதல் அவர் உள்ளத்தில் எழுந்தது. மறுநாள் காலையில் பாடல் பிறந்தது.

ஈண்டு கருதத்தக்கது ஒன்றுண்டு. அவர் கண் தெளியவில்லை; எலிகளும் அகலவில்லை. நலம் பெற்றதற்கு நன்றியாக எழுந்த பாடலன்று இது. தாம் காணமுடியாத கதிரவனை முதலில் நிறுத்தி, தம் கண்ணுக்குப் பொறாத நெருப்பையும் உடன்சேர்த்து அவர் இறைவனைப் புகழ்கிறார். ஒளியைத் தமக்குக் கிடைத்த பங்காக மட்டும் கருதியிருந்தால் இப்புகழ்ச்சிக்கு வழியே இல்லை.

‘எனக்கு’ என்னும் சொல் இல்லாத பாடல்

பாடலின் அமைப்பு மிக எளியது. கதிரவன், நிலவும் விண்மீன்களும், காற்று, நீர், நெருப்பு, நிலம் என்று ஒவ்வொன்றாக வருகின்றன. ஒவ்வொன்றும் சகோதரன் அல்லது சகோதரி. நிலம் சகோதரியும் தாயுமாகிறது. பறவைகளுக்கு மறையுரை ஆற்றியவர் என்று புகழ்பெற்றவரின் பாடலில் பறவையோ விலங்கோ ஒன்றேனும் தனித்துப் போற்றப்படவில்லை என்பது வியப்புக்குரியது. அதனினும் வியப்புக்குரியது, பாடுகிறவரின் வாழ்வு அதில் இடம்பெறாமை. தம் மனமாற்றம், தாம் தோற்றுவித்த சபை, தாம் பெற்ற காட்சிகள், காயங்கள் ஆகிய எதுவும் பாடலில் இல்லை. ‘என்’ என்னும் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் அது ‘ஆண்டவர்’ என்னும் ஒரு சொல்லை மட்டுமே சார்ந்து நிற்கிறது. நன்மைகளைக் குறிக்குமிடத்தில் ‘நாம்’ என்னும் பன்மையே வருகிறது. கதிரவன் வழியாக ஒளி பெறுவோர் நாம். நிலம் தாங்கிப் பேணுவது நம்மை. ஆண்டவர் ‘என்’ உடையவர். கொடைகளோ ‘நம்’ உடையவை. இந்த இலக்கணமே பாடலின் இறையியல் எனலாம்.

நம் இலக்கியத்தோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை மேலும் விளங்கும். சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்தில் இளங்கோவடிகள் திங்களையும் ஞாயிற்றையும் மாமழையையும் போற்றுகிறார். அவற்றைப் போற்றுவதற்கு அவர் காட்டும் காரணம் சோழ மன்னனைச் சார்ந்தது. திங்கள் அவன் வெண்குடை போன்றது; ஞாயிறு அவன் ஆணைச் சக்கரம் போன்றது; மழை அவன் அளி போன்றது. இயற்கை அரசனின் பெருமைக்கு உவமையாகி உயர்கிறது. பிரான்சிசும் கதிரவனை இறைவனின் சாயலாகக் காண்கிறார். ஆனால் அவர் பாடலில் எந்த மன்னனுக்கும் இடமில்லை. தமிழ் இலக்கண மரபு ஞாயிற்றையும் திங்களையும் ஆண்பால், பெண்பால் என்று பிரித்துக் கூறுவதில்லை. அவற்றுக்குரிய வினைமுடிபு அஃறிணையே. அத்தகைய கதிரவனை அண்ணன் என்றும் நிலவை அக்காள் என்றும் அழைக்கும்போது, ஆளுவோன், ஆளப்படுவது என்னும் பிரிவு நீங்கி ஒரே தந்தையின் குடும்பம் தோன்றுகிறது. குடும்பத்தில் ஒருவருக்குக் கிடைத்தது அனைவர்க்கும் மகிழ்ச்சி. தாம் ஒளி காணாதபோதும் பிறர் காணும் ஒளிக்காக ஒருவர் மகிழமுடிவது இவ்வுறவினால்தான்.

ஒரு சிறு சொல்லின் சிக்கல்

இப்பாடலைத் தமிழாக்குவோர் ஒரு சிறு சொல்லில் தடுமாற நேரும். படைப்புகளின் பெயருக்கு முன் வரும் ‘பேர்’ என்னும் இடைச்சொல்லுக்கு ஒரே பொருள் கூறி முடித்துவிட இயலாது. ‘நிலவுக்காக உமக்குப் புகழ்’ என்று கொள்ளலாம். ‘நிலவால் நீர் புகழப்படுவீராக’ என்றும் கொள்ளலாம். ‘நிலவின் வழியாக’ என்றும் கொள்ள இடமுண்டு. அறிஞர்கள் நெடுங்காலமாக இதுபற்றி வாதிட்டு வருகின்றனர்.

இது வெறும் இலக்கணச் சிக்கலன்று. ‘காக’ என்று கொண்டால், நாம் கொடையைப் பெறுவோர். கொடுத்தவர்க்கு நன்றி சொல்வோர். ‘ஆல்’ என்று கொண்டால், நிலவும் நீரும் நம்மைக் கேளாமலே இறைவனைப் புகழ்ந்துகொண்டிருப்பவை. நாம் அப்பாடகர் குழுவில் கடைசியாக வந்து சேர்ந்தவர்கள். தானியேல் நூலின் மூன்றாம் அதிகாரத்தில், எரியும் சூளையில் இடப்பட்ட இளைஞர் மூவர் பாடும் பாடலும், நூற்று நாற்பத்தெட்டாம் திருப்பாடலும் படைப்புகளை அழைத்து இறைவனைப் புகழுமாறு ஏவுகின்றன. பிரான்சிஸ் அப்பாடல்களைச் செபித்து வளர்ந்தவர். ஆயினும் அவர் படைப்புகளை ஏவவில்லை. இறைவனை நோக்கியே பேசுகிறார். முதற்பகுதியில் எல்லாப் படைப்புகளோடும் ‘உடன்’ இறைவன் புகழ்பெறுக என்கிறார். இந்த ‘உடன்’ என்பதே பின்வரும் இடைச்சொல்லுக்குத் திறவுகோல் என்பது என் கருத்து. தனியொருவர் பெற்றுக்கொண்டு தனியே செலுத்தும் நன்றியாக அதனைச் சுருக்க முடியாது. ‘காக’ என்று மட்டுமே பெயர்க்கும் மொழிபெயர்ப்பு பிழையன்று. ஆனால் அது பாடலைப் பற்றுச்சீட்டாக்கிவிடும் இடருடையது.

பின்னர்ச் சேர்ந்த இரு பகுதிகள்

முதலில் பாடிய வடிவில் மனிதர்க்கெனத் தனிப்பகுதி இல்லை. அது பின்னர்ச் சேர்ந்தது. சேர்ந்த காரணமும் தெரிந்ததே. அசிசியின் ஆயருக்கும் நகரத் தலைவருக்கும் பகை மூண்டது. ஆயர் அவரைத் திருச்சபைக்குப் புறம்பாக்கினார். தலைவரோ, ஆயருடன் எவரும் வாங்கவும் விற்கவும் கூடாதென்று நகரெங்கும் அறிவித்தார். நோயாளியாய்க் கிடந்த பிரான்சிஸ், இவ்விருவரையும் ஒப்புரவாக்க ஒருவரும் முன்வராததை இறைவனின் ஊழியர்க்கு நேர்ந்த பெரும் வெட்கமாகக் கருதினார். இறையன்பின் பொருட்டு மன்னிப்போரையும், நோயையும் துன்பத்தையும் அமைதியோடு தாங்குவோரையும் முன்னிட்டு இறைவனைப் புகழும் பகுதியை இயற்றினார். இருவரையும் ஆயர் இல்லத்தின் முற்றத்தில் கூட்டி, அவர்கள் முன் பாடலைப் பாடச் சகோதரர்களை அனுப்பினார். பாடல் முடிந்ததும் இருவரும் ஒருவரையொருவர் மன்னித்துத் தழுவிக்கொண்டனர் என்று அப்பழைய தொகுப்பு கூறுகிறது.

அறிவாற்றல், அழகு, வெற்றி என எதனாலும் மனிதர் இப்பாடலுக்குள் நுழையவில்லை. மன்னித்தலும் தாங்குதலுமே அவர்க்குத் திறந்த வாயில்கள். கதிரவன் ஒளிர்வதாலும் நீர் பயன்தந்து தாழ்ந்து ஓடுவதாலும் இறைவனைப் புகழ்கின்றன. மனிதரோ மன்னிக்கும்போதே தம் இயல்பை நிறைவேற்றி அப்புகழில் கலக்கின்றனர்.

இறுதிப்பகுதி 1226-இல் சேர்ந்தது. தம் நிலையை மறையாது கூறுமாறு பிரான்சிஸ் மருத்துவரைக் கேட்டார். இலையுதிர் காலத்தின் தொடக்கத்தைத் தாண்டுவது அரிது என்றறிந்ததும் சாவையும் சகோதரி என்று வரவேற்றார். அவளுக்கும் பாடலில் இடமளித்தார். சகோதரர்களை அழைத்து இரவும் பகலும் பாடலைப் பாடச் செய்தார். சாவை எதிர்நோக்கும் ஒருவர் இவ்வாறு பாடி மகிழ்வதைக் கண்டு மக்கள் என்ன நினைப்பார்களோ என்று சகோதரர் எலியா தயங்கினார். பிரான்சிஸ் பாடலை நிறுத்தவில்லை. அக்டோபர் 3-ஆம் நாள் மாலை போர்சியுங்குலாவில் உயிர் நீத்தார்.

இப்பகுதியில், சாவான பாவத்தோடு இறப்போர்க்கு ஐயோ என்னும் எச்சரிக்கை வருகிறது. இத்துணை இனிய பாடலில் இவ்வொலி இசையவில்லை என்பர் சிலர். அவ்வாறு கொள்ளத் தேவையில்லை. கடன்பட்டோம் என்பதை இறுதிவரை மறுத்துவிட முடியும் என்ற விடுதலை மனிதர்க்கு மட்டுமே உண்டு. அதனை மறைத்திருந்தால் பாடல் இனிதாயிருக்கலாம், உண்மையாயிராது.

இரண்டு தடைகள்

இப்பாடலுக்கு எதிராக இரு தடைகள் எழலாம். முதலாவது, இதில் இயேசுவின் பெயரே இல்லையே. இதனைக் கிறிஸ்தவப் பாடல் என்று எவ்வாறு கூறுவது? உண்மைதான், பெயர் இல்லை. ஆனால் மூலமொழியில் பாடலின் முதற்சொல் இறைவனின் உன்னதத்தைக் குறிக்கிறது. கடைசிச் சொல் தாழ்மையைக் குறிக்கிறது. உயரத்திலிருந்து தாழ்வை நோக்கி இறங்கும் இவ்வழி, பிலிப்பியர்க்கு எழுதிய மடலின் இரண்டாம் அதிகாரம் காட்டும் கிறிஸ்துவின் வழியன்றோ! பெயரைச் சொல்லாமலே பாடல் அவர் அடிச்சுவட்டில் நடக்கிறது.

இரண்டாவது தடை கடுமையானது. துன்புறுவோரை நோக்கி ‘நன்றி கூறு’ என்பது, துன்பத்தை விளைப்போர்க்கு வசதியான போதனை ஆகாதா? கூலி மறுக்கப்பட்டவனிடமும் நிலம் பறிக்கப்பட்டவனிடமும் இப்பாடலைக் கொடுத்து அமைதியாயிரு என்பது அறமா? இவ்வினாவைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பிரான்சிஸ் எதற்காக நன்றி கூறவில்லை என்பதையும் நாம் பார்க்கவேண்டும். தம் கண்நோய்க்காக அவர் இறைவனைப் புகழவில்லை. நோயைச் சகோதரி வரிசையில் இப்பாடலில் சேர்க்கவும் இல்லை. சகோதரர்கள் வற்புறுத்தியபோது மருத்துவத்திற்கு உடன்பட்டார். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காது முதல் புருவம் வரை சூடிட்டபோது, தாம் பாடிய அதே நெருப்பை நோக்கித் தம்மிடம் கனிவாயிருக்குமாறு வேண்டினார். தெசலோனிக்கருக்கு எழுதும் பவுலடியாரும் எல்லாச் சூழலிலும் நன்றி கூறவே பணிக்கிறார். எல்லாவற்றுக்காகவும் என்று அங்கே அவர் சொல்லவில்லை. ‘சூழலில்’ என்பதற்கும் ‘சூழலுக்காக’ என்பதற்கும் உள்ள தொலைவு பெரிது. மேலும், பகை கொண்ட இரு வல்லாரை வழிக்குக் கொணரவே இப்பாடல் நகருக்குள் சென்றது. எளியவரை வாயடைக்க அவர் அதனை அனுப்பவில்லை. அதிகாரத்தில் இருந்தோர் முன் நின்று பாடவே அனுப்பினார்.

ஒரே ஒருமுறை

இனித் தலைப்புக்கு வருவோம். உலகம் நன்றிப் பாடலென்று கொண்டாடும் இதில், ‘நன்றி கூறுதல்’ என்னும் வினை ஒரே ஒருமுறைதான் வருகிறது. அதுவும் பாடலின் கடைசிப்பகுதியில். அதுவரை இறைவனோடு பேசியவர் அங்கே மக்கள் பக்கம் திரும்பி, நான்கு செயல்களுக்கு அழைக்கிறார்: புகழ்தல், போற்றுதல், நன்றி கூறுதல், தாழ்மையோடு பணிபுரிதல். நன்றியை அடுத்து உடனே பணி வருகிறது. இடையே வேறெதுவும் இல்லை. வள்ளுவர் ‘அறிதல்’ என்று குறித்ததைப் பிரான்சிஸ் ‘பணிபுரிதல்’ என்று நிறைவு செய்கிறார்.

இதற்கு அவர் வாழ்வே உரை. இறக்கும் தறுவாயில் அப்பம் கொண்டுவரச் செய்து, ஆசி கூறி, பிட்டு, சகோதரர்க்குப் பகிர்ந்தளித்தார். இயேசு சீடரின் காலடிகளைக் கழுவியதைக் கூறும் யோவான் நற்செய்திப் பகுதியை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். நாம் நற்கருணை என்று அழைக்கும் அருளடையாளத்திற்குக் கிரேக்கத்தில் வழங்கும் பெயரின் பொருளே ‘நன்றி கூறுதல்’ என்பது. காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில்தான் ஆண்டவர் அப்பத்தைக் கையிலெடுத்து நன்றி கூறினார். விடுதலை கிடைத்த காலையில் கூறிய நன்றியன்று அது. அதே இரவில் அவர் துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்து பணிசெய்தார்.

இவ்விடத்தில் மகனை இழந்த தாயிடம் திரும்புவோம். அவள் பெறாத வரத்துக்காக நன்றி கூறுமாறு அவளை வற்புறுத்த இப்பாடல் நமக்கு உரிமை தரவில்லை. பிரான்சிசும் அவ்விரவில் முதலில் அழுதவரே, மன்றாடியவரே. அவளிடம் நாம் கூறத்தக்கது ஏதுமில்லாதிருக்கலாம், செய்யத்தக்கது உண்டு. வரம் பெற்ற தாயின் நன்றி, திருப்பலிக் காணிக்கையோடு நின்றுவிடாமல், பெறாதவளின் வீட்டு வாயில்வரை நடந்து செல்லவேண்டும். கொடைகள் ‘நம்’ உடையவை என்றால், ஒருத்தி பெற்ற நலம் மற்றவளுக்குத் துணையாக மாறவேண்டும். மருத்துவமனையில் இரவு விழித்துப் பழகியவள், இன்று விழித்திருக்கும் வேறொருத்தியின் அருகில் அமரலாம். பகைத்த உறவினரை முதலில் அழைத்துப் பேசலாம். ஊர்க்குளத்தில் குப்பை கொட்டாதிருப்பதும், தண்ணீரைச் சகோதரி என்று நம்புகிறவரின் நன்றி வழிபாடே. இவற்றையெல்லாம் அறிவிப்பாக வெளியிட இயலாது. ஆனால் பெறாதவளும் இந்நன்றியில் பங்குபெற முடியும். கொடுப்பவளாகவும் அவள் அதில் பங்குபெறுவாள்.

பிரான்சிஸ் இப்பாடலுக்கு இசையும் அமைத்திருந்தார். அசிசியில் பேணப்படும் பழைய கையெழுத்துப் படியில், சொற்களுக்குமேல் இசைக்குறியீட்டுக்கென இடம் விட்டிருக்கிறார்கள். ஆனால் குறியீடுகளை யாரும் எழுதி நிரப்பவில்லை. அவ்விசை இன்று நமக்குக் கிடைக்கவில்லை. சொற்கள் மட்டும் எண்ணூறு ஆண்டுகளைக் கடந்து வந்துள்ளன. அவற்றைப் பாடும் ஒவ்வொரு தலைமுறையும் தனக்குரிய பண்ணைத் தன் வாழ்விலிருந்தே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அப்பொறுப்பு இப்போது நம்முடையது.